கண்ணீர் விசுவாசக் குறைவா?

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை பெற்றுத் திரும்பும் சகோதரியிடம், "அழாதீர்கள், விசுவாசத்தோடு இருங்கள்" என்பதே பலர் கூறும் ஆறுதல். இது ஆறுதலன்று, சுமையே என்கிறோம் நாம். நோயைத் தாங்குபவர் தம் துயரத்தையும் மறைக்கவேண்டும் என்று அது கட்டாயப்படுத்துகிறது.

கொல்லிமலையை எண்ணிப் பார்ப்போம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே வாழும் பெண், சிகிச்சைக்கு நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ இறங்கவேண்டும். கதிர்வீச்சுச் சிகிச்சையோ வாரத்தில் ஐந்து நாள் வீதம் பல வாரங்கள் தொடர்வது. நாள்தோறும் மலையேறி இறங்க இயலுமா? பிள்ளைகளைப் பிரிந்து கீழே தங்கும் தனிமையும் நோயோடு சேர்ந்துகொள்கிறது. கீமோதெரபியால் முடி உதிர்கிறது. சிலருக்கு மாதவிலக்கு உரிய காலத்துக்கு முன்பே நின்றுவிடுகிறது. பலர் ஐந்தாண்டுகளுக்கு மேலும் உண்ணும் தமொக்சிபென் மாத்திரையால் உடல் அனலாய்க் கொதிக்கலாம், உறக்கமும் கெடலாம். மறதியும் மனச்சோர்வும் நேர்வதை மருத்துவம் நன்கறியும். எல்லாம் முடிந்த பின்னரும், நோய் திரும்புமோ என்ற அச்சம் ஒவ்வொரு பரிசோதனையின்போதும் தலைதூக்குகிறது. இவற்றை விசுவாசக் குறைவு என்பது, காய்ச்சலைப் பாவம் என்பதற்கு ஒப்பாகும்.

கொல்லிப்பாவையைச் சங்கப் புலவர் பாடிய காலந்தொட்டுப் பெண்ணை உருவழகால் அளக்கும் வழக்கம் நம்மைவிட்டு அகலவில்லை. மார்பிழந்தவர் கண்ணாடி முன் கூசுவது அதனாலேயே. திருச்சபையோ, மார்பு அறுக்கப்பட்டதாக மரபு கூறும் மறைச்சாட்சி புனித ஆகத்தாவின் பெயரை நற்கருணை மன்றாட்டிலேயே வைத்துப் போற்றுகிறது.

"துன்பத்தை ஒப்புக்கொடுப்பது கிறிஸ்தவப் பண்பன்றோ?" எனச் சிலர் கேட்பர். ஆம். ஆனால் ஒப்புக்கொடுத்தல் நடிப்பன்று. இலாசரின் கல்லறையருகே ஆண்டவர் அழுதார். அறிவுரை கூறிய நண்பர்களைக் கடிந்துகொண்ட இறைவன், புலம்பிய யோபுவே சரியாகப் பேசினார் என்றார்.

எனவே அன்பியங்கள் அறிவுரையை நிறுத்தட்டும். மருத்துவமனைக்கு உடன் செல்லட்டும், பிள்ளைகளுக்கு உணவளிக்கட்டும், அழுபவர் அருகே பேசாமல் அமரட்டும். நோயில்பூசுதல் சாகும் தறுவாயில் இருப்போர்க்கு மட்டும் உரியதன்று என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே கூறிவிட்டது. அறுவைக்கு முன்பே அதனைக் கேட்டுப் பெறட்டும். சோர்வு இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லவேண்டும். 2022 முதல் இயங்கிவரும் அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416, கட்டணமில்லை. மனநல மருத்துவரை நாடுவது செபத்தைக் கைவிடுவதாகாது. அழும் உரிமையை மறுக்கும் பக்தி கிறிஸ்துவினுடையதன்று.