கேம் விசரன் என்று எங்களை அழைக்கிறவர்களுக்கு

ஞாயிறு ஆராதனை முடிந்து மண்டபத்தில் தேநீரும் ரோல்ஸும் பரிமாறும் நேரம். ஊரிலிருந்து வந்திருந்த ஒரு விருந்தினருக்கு எங்கள் சபைப் பெரியவர் ஒருவர் எங்களை அறிமுகம் செய்துவைத்தார். "இவ மெடிசின் படிக்கிறா. இவர் ஆராதனையில கீபோர்ட் வாசிக்கிறவர். இவன்... இவன் ஒரு கேம் விசரன்." எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். சிரிக்காமல் நின்றிருந்தால் பகிடி விளங்காதவன் என்று இன்னொரு பெயரும் கிடைத்திருக்கும்.

சொன்னவர் எங்கள் மேல் அன்பில்லாதவர் அல்ல. மழை நாளில் தன் காரில் ஏற்றி எங்களை வீட்டு வாசலில் இறக்கிவிடுகிறவர். ஆனாலும் அந்த வார வாலிபர் ஐக்கியக் கூட்டத்தில் பேச்சு அங்கேதான் போய் நின்றது. அப்படி அழைக்கப்படும்போது எங்களுக்கு எப்படி இருக்கிறது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம்.

எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லவில்லை. "ஓம், நான் கேமர்தான், அதில் என்ன?" என்று பெருமையாகச் சொன்னவர்கள் உண்டு. பழகிவிட்டது என்றவர்கள் உண்டு. ஒரு சகோதரி, தான் விளையாடுவது சபையில் ஒருவருக்கும் தெரியாது என்றார். ஆண்பிள்ளை விளையாடினால் விசர் என்பார்கள், பெண்பிள்ளை விளையாடினால் அதற்கு மேலும் ஏதாவது சொல்வார்கள் என்ற பயம் அவருக்கு. அன்று மண்டபத்தில் அந்தப் பெயரைக் கேட்ட தம்பி கடைசியாகத்தான் வாய் திறந்தார். "நான் கேம் விளையாடுறது உண்மைதான். ஆனா என்னைப் பற்றிச் சொல்ல அது ஒண்டுதானா இருக்கு?" இரண்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் எல்லோருக்கும் முன்பே வந்து ஒலிவாங்கிகளைச் சரிபார்த்து, வீட்டில் நோயாய் இருப்பவர்கள் பார்க்கும்படி ஆராதனையை நேரலையில் அனுப்புகிறவர் அவர்தான்.

இந்தப் பெயர் யாருக்கு ஒட்டப்படுகிறது, யாருக்கு ஒட்டப்படுவதில்லை என்று கவனித்துப் பாருங்கள். 149ஆம் இலக்கப் பஸ்ஸில் ஏறியது முதல் இறங்கும் வரை கேண்டி கிரஷ் விளையாடும் அன்ரி 'கேமர்' அல்ல. கலியாண வீட்டில் விடிய இரண்டு மணிவரை 304 விளையாடி, எந்தத் துரும்பு எப்போது விழுந்தது என்று அடுத்த வாரமும் வாதிடும் அங்கிள்மார் 'விசரர்' அல்ல. 2024 டிசெம்பரில் சிங்கப்பூரில், 18 வயதில், சென்னையின் குகேஷ் உலகச் சதுரங்க வாகையர் ஆனபோது எங்கள் வீடுகளில் இனிப்புப் பகிரப்பட்டது. அதே வருடம் ஹாரோவைச் சேர்ந்த தமிழ்ச் சிறுமி போதனா சிவானந்தன் ஒன்பது வயதில் இங்கிலாந்துப் பெண்கள் அணிக்காக ஒலிம்பியாட்டில் ஆடியதை எங்கள் பெற்றோர் எங்களுக்குச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். நாங்களும் மகிழ்ந்தோம். ஒரு பலகைக்கு முன்னால் செலவிடும் மணித்தியாலங்கள் திறமை என்றும், ஒரு திரைக்கு முன்னால் செலவிடும் மணித்தியாலங்கள் விசர் என்றும் எப்படிப் பிரிந்தன என்பதே எங்கள் கேள்வி.

எங்கள் எட்மண்டனிலேயே இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. சேர்ச் ஸ்ட்ரீட்டில் தன் கடைசி நாட்களைக் கழித்து, 1834இல் இறந்து, ஆல் செயின்ட்ஸ் ஆலயத்து மயானத்தில் அடக்கம் பண்ணப்பட்டவர் எழுத்தாளர் சார்ள்ஸ் லாம். 1821இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையின் நாயகி மிசிஸ் பாட்டில் என்ற முதிய அம்மா. தேவபக்தி உள்ளவர், ஆனால் விஸ்ட் என்ற சீட்டாட்டம் என்று வந்துவிட்டால் அரைமனதோடு விளையாடுகிறவர்களை அவரால் சகிக்கவே முடியாது. இன்றைக்கு அந்த அம்மா எங்கள் சபைக்கு வந்தால் எந்தப் பெயரால் அறிமுகம் செய்யப்படுவாரோ! லாம் அவரைப் பழிக்கவில்லை. பிரியத்தோடு எழுதினார். ஆகவே அவருடைய முழு மனமும் எங்களுக்குத் தெரியவருகிறது.

இவ்வளவும் சொன்னதால், பெற்றோரின் பயம் வீண் என்று நாங்கள் சொல்வதாக நினைக்கவேண்டாம். இரவு வேலை முடிந்து அதிகாலை ஐந்து மணிக்குக் கதவைத் திறக்கும் அப்பா, மகனுடைய அறையில் இன்னும் வெளிச்சம் எரிவதைக் காண்கிறார். அவர் கோபப்படுவதில் என்ன பிழை? சதுரங்கத்துக்கு ஒரு முடிவு உண்டு. நாங்கள் விளையாடும் பல கேம்களுக்கு முடிவே இல்லை. இன்றைக்கு வராவிட்டால் இன்றைய பரிசு போய்விடும் என்று அவை ஒவ்வொரு நாளும் கூப்பிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டிகளைப் பணத்துக்கு விற்கும். எங்களில் ஒருவர் அம்மாவின் வங்கி அட்டையால் அப்படிப் பெட்டிகள் வாங்கிப் பிடிபட்டதும், இன்னும் சிலர் பிரசங்க நேரத்தில் வேதாகமத்துக்குள் போனை வைத்திருந்ததும் உண்மை. இவற்றை மறைத்துவிட்டு உங்களோடு நியாயம் பேச எங்களுக்கு உரிமை இல்லை.

உலக சுகாதார நிறுவனமும் இதை ஒரு நோயாக ஏற்றிருக்கிறது. 2019இல் அங்கீகரிக்கப்பட்டு, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த அதன் நோய்ப் பட்டியலில் 'கேமிங் கோளாறு' இடம்பெற்றுள்ளது. ஆனால் வைத்தியர்கள் அதை எவ்வளவு கவனமாக வரையறுத்தார்கள் என்று பாருங்கள். விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் போகவேண்டும். மற்றெல்லாக் காரியங்களையும் அது பின்னுக்குத் தள்ளவேண்டும். தீங்கு நேர்வது தெரிந்தும் தொடரவேண்டும். குடும்பத்தையோ படிப்பையோ வேலையையோ அது கடுமையாகப் பாதித்திருக்கவேண்டும். பொதுவாக இந்த நிலை 12 மாதமாவது நீடித்திருக்கவேண்டும். ஒரு வைத்தியர் ஒரு வருடத்தைப் பார்த்துச் சொல்லவேண்டியதை, நாங்கள் தேநீர்க் கோப்பை ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறோம்.

இதனால் வரும் கேடு மனம் நோவது மட்டும் அல்ல. எங்கள் நண்பர் ஒருவரின் அனுமதியோடு இதை எழுதுகிறோம். ஒரு காலத்தில் அவரால் உண்மையிலேயே நிறுத்த முடியவில்லை. நித்திரை போனது, வகுப்புகள் போயின, சாப்பாடும் அறைக்குள்தான். ஒருநாள் துணிவை வரவழைத்து, தான் மதித்த ஒரு பெரியவரிடம், "என்னால விடமுடியேல்ல" என்றார். "அதுதான் எல்லாருக்கும் தெரியுமே, நீ கேம் விசரன்தானே" என்று பதில் வந்தது, சிரிப்போடு. அதற்குப் பிறகு எட்டு மாதம் அவர் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. பகிடிக்காகத் தினமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த ஒரு சொல், உண்மையில் உதவி தேவைப்பட்ட நாளில் ஒருவருடைய காதிலும் விழவில்லை. நோயில்லாதவனை அது நோகப்பண்ணுகிறது, நோயுள்ளவனை மறைத்துவிடுகிறது. 2019 ஒக்டோபரில் இதே லண்டனில் தேசிய சுகாதார சேவை கேமிங் கோளாறுக்கென்றே ஒரு நிலையத்தைத் திறந்தது. 13 வயதுக்கு மேற்பட்டவர்களை அங்கே பார்க்கிறார்கள். குடும்ப வைத்தியரிடம் கேட்டாலே வழி காட்டுவார். இதைச் சபையில் ஒருவராவது அவருக்குச் சொல்லியிருக்கலாம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். நோர்வேயில் மற்ஸ் ஸ்டீன் என்றொரு இளைஞர் இருந்தார். தசைகள் சிறிது சிறிதாகச் செயலிழக்கும் நோயோடு பிறந்தவர். சக்கர நாற்காலியில் இருந்தபடி 'வேர்ல்ட் ஒஃப் வார்கிராஃப்ட்' விளையாடினார். மகன் நண்பர்கள் இல்லாமல் தனிமையில் வாழ்ந்தான் என்றே பெற்றோர் துக்கப்பட்டார்கள். 2014இல், 25 வயதில், அவர் இறந்தார். அவருடைய வலைப்பதிவில் பெற்றோர் மரண அறிவித்தலைப் போட்டதும், அறிமுகமே இல்லாதவர்களிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. இபெலின் என்ற பெயரில் அவர் பலருடைய கவலைகளைக் கேட்டிருந்தார். மகனோடு நெருங்கமுடியாமல் தவித்த ஒரு தாய்க்கு உதவியிருந்தார். வேறு நாடுகளிலிருந்தும் அவருடைய அடக்க ஆராதனைக்கு நண்பர்கள் வந்து நின்றார்கள். 2024இல் வெளிவந்த ஆவணப்படம் இதைச் சொல்கிறது. அந்தப் பெற்றோர் மகனை உயிராய் நேசித்தவர்கள். ஆனாலும் திரையின் மறுபக்கத்தில் மனிதர்கள் இருந்தார்கள் என்பது மகன் இறந்த பிறகே அவர்களுக்குத் தெரிந்தது. இதை வாசிக்கும் ஒரு அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அவ்வளவு பிந்தித் தெரியவேண்டாம் என்பதே எங்கள் ஜெபம்.

பெயர் ஒட்டும் பழக்கம் சபைக்குப் புதிதல்ல. தோமாவை எடுத்துக்கொள்ளுங்கள். லாசருவினிடத்துக்குப் போக இயேசு புறப்பட்டபோது, யூதேயாவில் மரணம் காத்திருக்கிறது என்று தெரிந்தும், நாமும் கூடப்போய் அவரோடு மரிப்போம் என்று மற்றச் சீஷர்களை அழைத்தவர் அவர். பாரம்பரியத்தின்படி கடல் கடந்து நம் தேசக் கரைக்கே வந்து இரத்தசாட்சியாய் மரித்தவர். ஆனால் ஓய்வுநாள் பாடசாலையில் எங்களுக்கு அவர் 'சந்தேகத் தோமா'. ஒரு வாரத்துச் சந்தேகம் ஒரு வாழ்நாளின் பெயராகிவிட்டது. கர்த்தரோ அவரை அந்தப் பெயரால் அழைக்கவில்லை. அவருக்காகவே மறுபடியும் வந்து, காயங்களைக் காட்டி, தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

பெரியவர்களே, எங்களைக் கண்டிக்கவேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை. கண்டியுங்கள், ஆனால் கேட்டுவிட்டுக் கண்டியுங்கள். என்ன விளையாடுகிறாய், யாரோடு விளையாடுகிறாய், தோற்றால் உனக்கு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பத்து நிமிடம் பக்கத்தில் இருந்து பாருங்கள். கேமின் மேல் போட்டிருக்கும் வயதுக் குறியை வாசியுங்கள். 18 என்று இருந்தால் அது பன்னிரண்டு வயதுத் தம்பிக்கு உரியது அல்ல. அவன் எவ்வளவு அழுதாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள், நாங்கள் உங்கள் பக்கம் நிற்போம். விருந்தினருக்கு எங்களை அறிமுகம் செய்யும்போது எங்கள் பெயரைச் சொல்லுங்கள், அது போதும்.

எங்கள் பக்கமும் வாக்குக் கொடுக்கிறோம். எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று கேட்டால் உண்மையைச் சொல்வோம். ஆராதனையில் போன் பைக்குள் இருக்கும். எங்களில் ஒருவரால் நிறுத்த முடியவில்லை என்று கண்டால், நண்பன் என்று மறைக்காமல் போதகரிடமோ வீட்டாரிடமோ அவரோடு கூடவே போவோம். கேண்டி கிரஷ் அன்ரிகளைப் பகிடி பண்ணுவதையும் விட்டுவிடுவோம்.

கிறிஸ்மஸ் விடுமுறையில் ஒரு சனிக்கிழமை மாலை மண்டபத்தைக் கேட்டிருக்கிறோம். ஒரு மேசையில் 304, பக்கத்து மேசையில் எங்கள் கேம். அங்கிள்மார் எங்களுக்குத் துரும்பு கேட்கப் பழக்கவேண்டும். நாங்கள் அவர்களுக்குக் கட்டுப்பாட்டுப் பொத்தான்களைப் பழக்குவோம். ரோல்ஸ் கொண்டுவர விரும்புகிறவர்கள் வாலிபர் ஐக்கியத்தில் யாரிடமாவது பெயர் கொடுக்கலாம்.