தகரக் கூடும் சித்திரை வெயிலும்: பழைய கார் வைத்திருப்போர் சிந்திக்க



கடைக்கு வந்து "கடலைப் பருப்பு ஒரு கிலோ" என்று கேட்பவரிடம், "வடைக்கா, மாவரைக்கவா?" என்று திருப்பிக் கேட்கிறோம். உபயோகம் அறிந்து சரக்கு கொடுப்பது நம் தொழிலின் அரிச்சுவடி. ஆனால் நாமே வாங்குபவராகப் போய் நிற்கும்போது இந்தப் பாடத்தை மறந்து விடுகிறோம். பழைய காருக்கு வெப்பத் தடுப்பும் ஒலித் தடுப்பும் போடப் போய் நாம் பட்ட பாடு இதற்குச் சான்று.

நம் தந்தையர் காலத்தில் மண்டிக்காரர் வீட்டு வாசலில் நின்றது பெரும்பாலும் அம்பாசிடர்தான். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த வண்டி அது. 1950-களின் பிற்பகுதியில் தொடங்கிய உற்பத்தி 2014-இல் நின்று விட்டது. பியட் என்று நாம் அழைத்த பிரீமியர் பத்மினியும் முன்பே நின்றாயிற்று. இனி புதிது கிடைக்காது என்பதால்தான் இருக்கும் வண்டியைப் பலர் பொன்போல் பேணுகிறார்கள். கோவை அவிநாசி சாலையில் 2015-இல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகத்தில் பழைய வண்டிகள் நிழலில் நிற்கின்றன. நம் வண்டியோ கருமத்தம்பட்டிக்கும் திருப்பூருக்கும் வெயிலில் ஓடியாக வேண்டும். குறிப்பாக டீசல் அம்பாசிடரில் போனவர்களுக்கு, காலடியில் அடுப்பும் காதருகில் தறிக்கூடமும் எப்படி இருக்கும் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

நம் வீட்டு வண்டியை ஒரு குஷன் கடையில் விட்டு, "நல்லதாக ஒன்று போட்டு விடுங்கள்" என்றோம். அவர்கள் பளபளக்கும் தாள் ஒட்டிய தடித்த பஞ்சு மெத்தையைத் தரை முழுவதும் ஒட்டிக் கொடுத்தார்கள். சத்தம் கொஞ்சம் குறைந்தது, சூடு குறையவில்லை. இரண்டு மழைக்காலம் போன பிறகு விரிப்பைத் தூக்கிப் பார்த்தால், டிரைவர் காலடித் தகடு அப்பளமாக நொறுங்கியது. பஞ்சு தண்ணீரைக் குடித்து உள்ளேயே வைத்திருந்திருக்கிறது. மெத்தைக்குக் கொடுத்ததை விட டிங்கரிங் வேலைக்குக் கொடுத்தது அதிகம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.

இதில் வேலைகள் மூன்று. மூன்றுக்கும் சரக்கு வேறு வேறு. இதுவே நாம் வலியுறுத்த விரும்புவது.

முதலாவது, தகட்டின் அதிர்வை அடக்குவது. காலி எண்ணெய் டின்னைத் தட்டினால் கணகணக்கும். அதன் ஒரு பக்கத்தில் கனமான பிசின் வில்லை ஒன்றை ஒட்டித் தட்டினால் 'தொப்' என்று அடங்கும். காரின் கதவும் தரையும் கூரையும் காலி டின்தான். இதற்கு பியூட்டைல் ரப்பர் தகடு ஏற்றது. தார் தகடு மலிவு. ஆனால் நம் வெயிலில் அது இளகி நாற்றமடிக்கும். கூரையில் ஒட்டினால் கழன்று தொங்கும். தகடு முழுவதையும் மூட வேண்டியதில்லை. அகலமான பகுதிகளின் நடுவில் கால் பங்கு ஒட்டினாலே அதிர்வில் பெரும்பங்கு அடங்கிவிடும். 2 மி.மீ. ரப்பர் தகடு சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு கிலோ எடை வரும். வண்டி முழுவதும் ஒட்டச் சொல்பவர் யாருக்கு லாபம் பார்க்கிறார் என்று கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்.

இரண்டாவது, காற்றில் வரும் இரைச்சலைத் தடுப்பது. தறி ஓடும் ஊரில் இருக்கும் நமக்கு இது தெரிந்ததே. சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும், ஜன்னல் திறந்திருந்தால் பக்கத்துத் தறியின் சத்தம் வீட்டுக்குள் வரும். பரப்பில் நூறில் ஒரு பங்கு ஓட்டை இருந்தாலே, மற்ற இடத்தில் எதைப் போட்டாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. ஆகவே காசு செலவழிக்கும் முன் ஓட்டையை அடையுங்கள். எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள தகட்டில் ஒயரும் கேபிளும் நுழையும் துளைகளின் ரப்பர் வளையங்கள், பெடல் துளைகள், கதவு பீடிங் ஆகியவை பழைய வண்டியில் காய்ந்து உதிர்ந்திருக்கும். எஞ்சின் மவுண்டிங் ரப்பரையும் சைலன்சர் கசிவையும் பார்த்து விடுங்கள். பாதிச் சத்தம் இதிலேயே போய்விடக் கூடும். மேலும், அந்தத் துளைகள் வழியே வருவது சத்தம் மட்டுமல்ல, புகையும் அனலும்தான்.

மூன்றாவது, வெப்பம். பளபளப்பான அலுமினியத் தாள் அனலைத் திருப்பி அனுப்பும் என்பது உண்மை. ஆனால் அதன் முகத்துக்கு எதிரே காற்று இடைவெளி இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒட்டி அழுத்தி விட்டால், அது வெப்பத்தைக் கடத்தும் இன்னொரு உலோகம், அவ்வளவே. எவர்சில்வர் டம்ளர் எவ்வளவு பளபளத்தாலும் காபி ஊற்றினால் விரல் சுடவில்லையா? ஆகவே காலடித் தரைக்கும் கூரைக்கும் ஏற்றது தண்ணீர் குடிக்காத மூடிய துளை ஃபோம். ஏ.சி. குழாய்களில் கறுப்பு உறையாகப் போடுகிறார்களே, அந்த நைட்ரைல் ரப்பர் ஃபோம் அவ்வகையைச் சேர்ந்தது. சைலன்சர் குழாய்க்கு நேர் மேலே மட்டும், குழாயைத் தொடாமல் இடைவெளி விட்டு, தனித் தகட்டு மறைப்பு வைப்பது நல்லது.

தீயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தெர்மோகோல் சூட்டில் இளகும், தீயில் உருகி எரியும். காருக்குள் அதற்கு வேலையே இல்லை. நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் பனியன் வேஸ்ட்டைத் திணித்துக் கொண்டால் போதாதா என்று சிலர் கேட்கலாம். கழிவுத் துணியைப் பிய்த்து அழுத்திய ஃபெல்ட்டை கார் கம்பெனிகளே விரிப்பின் அடியில் வைப்பதுண்டு. சத்தத்தை உறிஞ்ச அது கெட்டிக்காரச் சரக்கு. ஆனால் அங்கே வைப்பது பதப்படுத்திய ஃபெல்ட். அப்படியே திணித்த வேஸ்ட் எண்ணெயையும் தண்ணீரையும் குடிக்கும். ஒரு பொறி போதும். வண்டி உட்புறப் பொருள்கள் தீப்பற்றும் வேகத்துக்கு ஐ.எஸ். 15061 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. அதற்கு உட்பட்டதா என்று கடையில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் ஒரு சிறு துண்டை வாங்கி வந்து வெட்டவெளியில் கொளுத்திப் பாருங்கள். தீக்குச்சியை எடுத்ததும் அணைந்தால் நல்லது. சொட்டுச் சொட்டாக உருகி எரிந்தால் திருப்பிக் கொடுத்து விடுங்கள். பழைய வண்டியில் சாம்பல் நிறத்தில் உதிரும் அட்டை எதையேனும் கண்டால், அது கல்நாராக இருக்கலாம். காய்ந்த நிலையில் பிய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம்.

போடும் வரிசையும் முக்கியம். முதலில் விரிப்பை எல்லாம் எடுத்துத் துருவைச் சுரண்டி, துருத் தடுப்புப் பெயின்ட் அடித்துக் காய விடுங்கள். துருவின் மேல் ஒட்டுவது புழுத்த அரிசியைப் புது மூட்டையில் கட்டுவதற்குச் சமம். தரையிலும் கதவடியிலும் உள்ள வடிகால் துளைகளை எக்காரணம் கொண்டும் அடைக்கலாகாது. பிறகு ரப்பர் தகடு, அதன் மேல் ஃபோம், கடைசியில் விரிப்பு. விரிப்பைக் கழற்றி எடுக்கும்படி விடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.

50 ஆண்டு கடந்த வண்டிகளை 'விண்டேஜ்' எனப் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி வகுத்தது. கூட்டிலோ எஞ்சினிலோ பெரும் மாற்றம் செய்த வண்டிக்கு அந்தத் தகுதி இல்லை. அந்த வயதை நெருங்கும் வண்டியில் தகட்டை வெட்டியோ துளையிட்டோ தடுப்புப் போடுபவர், நாளை வருத்தப்படுவார்.

இவ்வளவு செய்தும் அம்பாசிடர் புதுக் கார் போல ஓசையின்றிப் போகாது; போகவும் வேண்டாம். பின்னால் வரும் லாரியின் ஹாரன் காதில் விழுந்தால்தான் நமக்குப் பாதுகாப்பு. கால் சுடாமல், பக்கத்தில் இருப்பவரோடு கத்தாமல் பேசிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தால் போதுமானது.

வணிகப் பெருமக்களே! அடுத்த முறை குஷன் கடைப் படியேறும்போது "நல்லதாக ஒன்று" என்று கேட்காதீர்கள். அதிர்வுக்கா, இரைச்சலுக்கா, அனலுக்கா என்று பிரித்துக் கேளுங்கள். தண்ணீர் குடிக்குமா, தீப்பற்றுமா என்று கேளுங்கள். நம் கடையில் நாம் எதிர்பார்க்கும் நேர்மையான கேள்வியை, மற்றவர் கடையில் நாமே கேட்டு வாங்குவோம்.