டோக்கனை டீகோட் செய்ய அடுத்தவர் சர்வர் எதற்கு?

ஐடி வேலையில் இது தினசரி நடப்பது. லாக் ஃபைலில் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் ஒரு நீண்ட எழுத்துச் சரம் வந்து நிற்கும். உடனே கூகுளில் ‘பேஸ்64 டீகோட்’ என்று தேடி, முதலில் வரும் தளத்தில் பேஸ்ட் செய்தால் விடை ரெடி. இரண்டு நொடி வேலை. ஆனால் அந்த இரண்டு நொடியில் கம்பெனியின் டோக்கனோ, வாடிக்கையாளரின் போன் நம்பரோ முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் சர்வருக்குப் போயிருக்கலாம். இந்தப் பழக்கத்தை விட்டுவிடுவதே நல்லது. விடுவது அப்படியொன்றும் கஷ்டமும் இல்லை.

பூட்டு அல்ல, வெறும் உறை

பேஸ்64 பார்ப்பதற்கு ரகசியக் குறியீடு மாதிரி இருக்கும். உண்மையில் அதில் ரகசியம் எதுவும் கிடையாது. 3 பைட் தரவை, 64 எழுத்துகள் கொண்ட பட்டியலிலிருந்து 4 எழுத்துகளாக மாற்றி எழுதுகிற முறை, அவ்வளவுதான். சாவி இல்லை; யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம்.

லாகின் செய்ததும் பல ஆப்கள் உருவாக்கும் ஜேடபிள்யூடி டோக்கனும் பெரும்பாலும் இப்படித்தான். புள்ளி வைத்துப் பிரித்த மூன்று பகுதிகள். முதல் இரண்டும் பேஸ்64 வகை எழுத்து. மூன்றாவது, கையொப்பம். டோக்கனை யாரும் திருத்தவில்லை என்பதை அது உறுதி செய்யும். உள்ளே இருப்பதை மறைக்காது. காலாவதி ஆகாத டோக்கன் இன்னொருவர் கையில் சிக்கினால், அந்தப் பயனரின் பெயரிலேயே அவர் உள்ளே நுழைந்துவிட முடியும்.

ஹேக் செய்யாமலே கசிந்தவை

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. ஜேசன்ஃபார்மேட்டர், கோட்பியூட்டிஃபை ஆகிய இரு தளங்களிலும் பயனர்கள் சேமித்து வைத்த 80,000க்கும் மேற்பட்ட பதிவுகளை எடுக்க முடிந்ததாக வாட்ச்டவர் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2025 நவம்பரில் தெரிவித்தது. பாஸ்வேர்டுகள், ஏபிஐ கீகள், தனிநபர் விவரங்கள் எல்லாம் அதில் இருந்தன. எந்தப் பூட்டையும் யாரும் உடைக்கவில்லை. பயனர்கள் ‘சேவ்’ பட்டனை அழுத்தியபோது உருவான லிங்க்குகள் பொதுவெளியில் திறந்து கிடந்தன.

நம் கணினியிலேயே செய்யலாம்

பிரிட்டனின் உளவு அமைப்பான ஜிசிஹெச்க்யூ, 2016இல் ‘சைபர்செஃப்’ என்ற கருவியை ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது. டீகோட், டீகம்ப்ரஸ், ஹேஷ் என்று வேண்டிய செயல்களை வரிசையாக அடுக்கி ஒரு ‘ரெசிபி’ தயாரிக்கலாம். எல்லாமே பிரவுசருக்குள் நடப்பதால், டவுன்லோடு செய்து வைத்துக்கொண்டால் இன்டர்நெட்டே வேண்டாம்.

அதே யோசனையைப் பைத்தானுக்குக் கொண்டுவந்ததுதான் ‘செப்பி’. லைப்ரரியாகவும் பயன்படுத்தலாம், கமாண்ட் லைனிலும் ஓட்டலாம். ஒரு படியின் விடை அடுத்த படிக்கு உள்ளீடாகப் போகும்: பேஸ்64ஐப் பிரி, ஜிஸிப்பை விரி, ஜேசனாகப் படி. ஒரு டோக்கனுக்குச் செய்ததை, சின்ன ஸ்கிரிப்ட் எழுதி ஆயிரம் வரிகளுக்கும் செய்யலாம். ஒவ்வொரு முறையும் காப்பி-பேஸ்ட் செய்யும் வேலை மிச்சம்.

“இதெல்லாம் கத்துக்க எங்கே நேரம்?” என்று கேட்கலாம். பிப் மூலம் ஒரே வரியில் நிறுவிவிடலாம். பெயரில் எழுத்துப்பிழை இல்லையா என்று மட்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பிரபல பெயர்களைச் சற்றே மாற்றிப் போலி பேக்கேஜ்கள் வருவதுண்டு. ஆபீஸ் லேப்டாப்பில் புதிதாக எதையும் நிறுவ அனுமதி இல்லையா? பைத்தான் இருந்தால் போதும், பேஸ்64ஐப் பிரிக்கும் வசதி அதிலேயே உண்டு.

ஊழியர் மட்டுமா பொறுப்பு?

‘வெளித் தளங்களில் பேஸ்ட் செய்யாதே’ என்று மெயில் அனுப்பிவிட்டு ஒதுங்கும் நிறுவனங்களும் யோசிக்க வேண்டும். டெட்லைன் நெருக்கும்போது கைக்கு எது எளிதோ அதைத்தான் ஆள் எடுப்பார். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. அதோடு ஒப்பிட்டால், இலவசமாகக் கிடைக்கும் ஒரு கருவியை எல்லா லேப்டாப்பிலும் முன்கூட்டியே போட்டுக் கொடுப்பது ஒரு செலவே இல்லை. தடை போடுவதற்கு முன், மாற்று வழியைக் கையில் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே வெளித் தளத்தில் பேஸ்ட் செய்த பாஸ்வேர்டும் கீயும் இருந்தால், அவற்றை இன்றே மாற்றிவிடுவது உத்தமம்.