ரசீதில் யார் பெயர்?



போன பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரில், கேலாங்கிலிருக்கும் என் தம்பி வீட்டில் மூன்று நாள் தங்கியிருந்தேன். அங்கே நம் தோட்டத்துப் பையன் ஒருவனைப் பார்த்தேன். ஒரு காலத்தில் என்னிடம் படித்தவன். முகத்தில் களையே இல்லை. "என்னப்பா?" என்று கேட்டதும் அழுதுவிட்டான்.

ஊரில் அம்மாவுக்கு ஒரு வீடு கட்ட வங்கியில் கடன் எடுத்திருக்கிறான். "கொத்தனார், சாமான் எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு தரகர் சொல்ல, முழுப் பணத்தையும் அவரிடம் கொடுத்துவிட்டான். அஸ்திவாரத்தோடு வேலை நின்றுவிட்டது. பையன் கையில் இருப்பது ஒரு துண்டுச் சீட்டுதான். மாதத் தவணை மட்டும் தவறாமல் வருகிறது.

தரகர் வேலை ஆளையும் ஆளையும் சேர்த்து வைப்பது. பணப்பெட்டியைக் காப்பது அல்ல. சிங்கப்பூரில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். 2010-இல் சொத்து முகவர் மன்றம் அமைந்தது. வீடு வாங்கும் பணத்தையோ விற்கும் பணத்தையோ முகவர் கையால் தொடக்கூடாது. வீவக வீட்டு வாடகைக்கும் இதே விதிதான். தனியார் வீட்டு வாடகைக்கு இந்தத் தடை இல்லை. ஆகவே அறை தேடிப் போகும் பிள்ளைகளே, முன்பணத்தை வீட்டுக்காரரிடமே கட்டுங்கள். முகவர் பதிவு பெற்றவர்தானா என்பதை அவர் தொலைபேசி எண்ணைக் கொண்டே மன்றத்தின் பதிவேட்டில் பார்க்கலாம்.

அங்கே கட்டி முடியாத அடுக்குமாடி வீடு வாங்குகிறவரும் பணத்தை மொத்தமாகக் கொடுப்பதில்லை. தொடக்கப் பணம் 20 விழுக்காடு. பிறகு அஸ்திவாரம் முடிந்தால் 10, தூணும் தளமும் எழுந்தால் 10, சுவருக்கு 5, கூரைக்கு 5 என்று வேலைக்குத் தக்கபடி போகும். வங்கிக் கடனும் நேரே அந்தக் கட்டடத்துக்கான கணக்கில்தான் சேரும். சொந்த நிலத்தில் சின்ன வீடு கட்டும் நமக்கும் இந்த முறை பொருந்தும். முதலில் சுவர், பிறகு பணம்.

மலேசியாவில் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு இல்லாதவர் வீட்டுத் தரகு செய்வதே குற்றம். ஒரு காரியத்துக்கென்று வாங்கிய பணத்தை நாணயமில்லாமல் வேறு வழியில் செலவழித்தால் அது நம்பிக்கை மோசடி. இரு நாட்டுக் குற்றவியல் சட்டத்திலும் அது 405-ஆம் பிரிவு. பணத்தைத் திருப்பிக் கேட்டுத் தனியாக வழக்கும் போடலாம். ஆனால் இரண்டுக்கும் எழுத்து இருந்தால் வலு: எவ்வளவு, எதற்காக, யாரிடம் என்று.

அந்தத் துண்டுச் சீட்டில் தொகை இருந்தது. 'வீடு கட்ட' என்ற இரண்டு சொல்லும் இருந்தன. அதை எடுத்துக்கொண்டு பையன் போலீசுக்குப் போயிருக்கிறான். பணம் திரும்புமோ, தெரியாது. அவன் அம்மா இன்னும் லயத்தில்தான் இருக்கிறார்.

பணம் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ரசீது யார் பெயரில் வரும்?