கரை கட்டியவனுக்கும் படகில் இடம் வேண்டும்

பாய்மரப் படகில் மனைவி மக்களோடு உல்லாசப் பிரயாணம் போவதைப் பற்றித் தொழிலாளர் பத்திரிகையில் எழுதுவதா என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். "கஞ்சிக்கே வழியைக் காணோம், இதில் படகு ஒரு கேடா?" என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் தொழிலாளி வர்க்கம் கஞ்சிக்காக மட்டும் போராடவில்லை. எட்டு மணி நேரம் வேலை என்று கோரியபோதே, எட்டு மணி நேரம் உறக்கம், மிச்சமுள்ள எட்டு மணி நேரம் எங்கள் சொந்த விருப்பத்துக்கு என்றும் சேர்த்துத்தான் கோரியது. அந்த மூன்றாவது எட்டு மணி நேரம் இன்று யார் கையில் இருக்கிறது? அதுவே நமது பிரச்னை.

உதாரணத்துக்கு ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கரையில் கலிபோர்னியா மாநிலம். கம்ப்யூட்டர் வேலை தேடிப் போன நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் குடியிருக்கும் இடம். அங்கே சாக்ரமெண்டோ, சான் வாக்கீன் என்று இரண்டு பெரிய ஆறுகள். ஒன்று வடக்கிலிருந்தும் மற்றொன்று தெற்கிலிருந்தும் வந்து, கிளை கிளையாகப் பிரிந்தும் கூடியும் ஒரு டெல்டாவை உண்டாக்குகின்றன. அந்தத் தண்ணீர் சூசூன் விரிகுடா, கார்க்கினெஸ் ஜலசந்தி, சான் பாப்லோ விரிகுடா, சான் பிரான்சிஸ்கோ விரிகுடா என்று வரிசையாகக் கடந்து, கோல்டன் கேட் என்னும் வாயில் வழியே பசிபிக் சமுத்திரத்தில் கலக்கிறது.

கோடையில் உள்நாட்டுச் சமவெளி அடுப்பாய்க் காய்கிறது. சூடான காற்று மேலே எழ, அந்த இடத்தை நிரப்பக் கடலின் குளிர்ந்த காற்று கோல்டன் கேட் வழியே பாய்ந்து வருகிறது. அந்த மேல்காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு பாய் விரித்தால், படகு விரிகுடாக்களைத் தாண்டி டெல்டாவுக்குள் போய் நிற்கும். புறப்படும்போது பனிமூட்டம், கம்பளிச் சட்டை. டெல்டாவில் கொளுத்தும் வெயில், குழந்தைகள் வெதுவெதுப்பான ஆற்றில் குதிக்கிறார்கள். தாய் சுக்கான் பிடிக்கிறாள், தகப்பன் நங்கூரத்தைச் சரிபார்க்கிறான், பத்து வயதுப் பெண் பாய்க்கயிற்றை இழுத்துக் கட்டுகிறாள். இரவில் கோரைப் புதரின் ஓரத்தில் நங்கூரமிட்டு உறக்கம். திரும்பி வருவதுதான் சிரமம். எதிர்க்காற்றும் வற்றும் கடலும் முட்டிக்கொள்ளும் இடத்தில் அலை படகைத் தூக்கி அடிக்கும்.

இது கெட்ட காரியமா? இல்லவே இல்லை. நல்ல காரியம். காற்றையும் நீரையும் குழந்தை கண்ணால் கண்டு கற்கிறது. படகில் ஒருவர் சோம்பியிருந்தால் எல்லோரும் நனைய வேண்டும் என்பதையும் கற்கிறது. இதைவிடச் சிறந்த கூட்டுழைப்புப் பாடம் வேறு ஏது? நாம் கேட்பது இரண்டே கேள்விகள். இந்த நீர்வழியை இப்படி ஆக்கியவர்கள் யார்? இதில் பாய் விரிக்க இன்று யாரால் முடிகிறது?

யாருடைய கடற்கரை?

படகு புறப்படும் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தையே முதலில் பாருங்கள். 1934ல் அங்கே கப்பல் துறைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலை 5 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 2 பேர் இறந்தார்கள். நகரமே பொது வேலைநிறுத்தத்தில் இறங்கியது. தினந்தோறும் துறைமுக வாசலில் மாடுகளைப் போல வரிசையில் நின்று, கங்காணி கைகாட்டுகிறவனுக்கு மட்டும் வேலை என்ற இழிமுறை அந்தப் போராட்டத்தால்தான் ஒழிந்தது.

விரிகுடாவின் கரையும் தானாகப் பிழைத்ததல்ல. குப்பையையும் மண்ணையும் கொட்டிக் கடலைத் தூர்த்து, மனைக்கட்டு போட்டு விற்பது அங்கே லாபகரமான தொழிலாக இருந்தது. விரிகுடாவின் மூன்றில் ஒரு பங்கு இப்படித் தூர்க்கப்பட்டோ கரை போட்டு அடைக்கப்பட்டோ போயிற்று. 1961ல் பொதுஜனங்கள் கால் வைக்கக்கூடிய கரை வெறும் சில மைல்களே என்று சொல்லப்பட்டது! அந்த ஆண்டு பெர்க்லி நகரில் கே கெர், சில்வியா மக்லாக்லின், எஸ்தர் குலிக் என்ற 3 பெண்மணிகள் இதை எதிர்த்து இயக்கம் தொடங்கினார்கள். அவர்கள் பாட்டாளிகள் அல்ல, வசதியான வீட்டுப் பெண்கள். ஆயினும் ஆயிரக்கணக்கான ஜனங்கள் பின்னால் திரண்டார்கள். 1965ல் சட்டம் வந்தது. 1969ல் கண்காணிப்புக் கமிஷன் நிரந்தரமாயிற்று. இன்று விரிகுடாவைச் சுற்றி 350 மைலுக்கு மேல் பொது நடைபாதை உண்டு. ஜனங்கள் எழுந்து நின்றால் கடலைக்கூட மீட்கலாம் என்பதற்கு இது அத்தாட்சி.

பாதி வழியில் சூசூன் விரிகுடாவின் தென்கரையில் போர்ட் சிகாகோ வருகிறது. 1944 ஜூலை 17 இரவு, வெடிகுண்டு ஏற்றிக்கொண்டிருந்த கப்பல் அங்கே வெடித்துச் சிதறியது. மாண்டவர்கள் 320 பேர். அவர்களில் 202 பேர் கறுப்பினத்தவர். குண்டு தூக்கும் வேலை கறுப்பினச் சிப்பாய்களுக்கு, அதிகாரம் வெள்ளையருக்கு என்பதே அங்கு விதி. போதிய பயிற்சியும் பாதுகாப்பும் இல்லாமல் மறுபடியும் குண்டு தூக்க மாட்டோம் என்று நின்றவர்களில் 50 பேரைக் கலகக்காரர்கள் என்று தண்டித்தார்கள். அவர்கள் குற்றமற்றவர்கள் என்று கடற்படை ஒப்புக்கொண்டது 2024 ஜூலை 17 அன்று. சரியாக 80 ஆண்டுகள்! இந்தக் கரையைக் கடக்கும் படகிலுள்ள குழந்தைக்கு இதைச் சொல்ல வேண்டாமா?

யார் வெட்டிய மண்?

அப்பால் டெல்டா. படகில் நின்று பார்த்தால் ஒரு வேடிக்கை. ஆறு மேலே ஓடுகிறது, வயல் கீழே கிடக்கிறது. சில தீவுகள் கடல்மட்டத்துக்கு 25 அடி வரை கீழே இறங்கிவிட்டன. சதுப்பை வடித்து உழுததால் மக்கிய கோரை மண் காற்றுப்பட்டுக் கரைந்து, நிலம் வருஷா வருஷம் தாழ்ந்துகொண்டே வந்திருக்கிறது. சுமார் 1,100 மைல் நீளமுள்ள கரைகள்தான் வெள்ளத்தைத் தடுத்து நிறுத்துகின்றன.

அந்தக் கரைகளுக்கு அடி போட்டவர்கள் யார்? 1850ல் அமெரிக்க மத்திய சர்க்கார் சதுப்பு நிலங்களை மாநிலத்துக்குக் கொடுத்தது. மாநிலம் ஏக்கர் 1 டாலர் என்று விற்றது. பணமுள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் வளைத்துப்போட்டார்கள். 1869ல் கண்டத்தின் குறுக்கே ரயில் பாதை போட்டு முடித்த சீனத் தொழிலாளர்கள் வேலையிழந்து நின்றார்கள். இடுப்பளவு சேற்றில், கொசுக்கடியில், மண்வெட்டியும் தள்ளுவண்டியும் கொண்டு கரை எழுப்பியவர்கள் அவர்களே. மண்ணின் கன அளவைப் பார்த்துக் கூலி. குதிரை புதையாமலிருக்க அதன் குளம்புக்கு அகன்ற மிதியடி கட்டிய யுக்தியும் அவர்களுடையதே.

அவர்களுக்குக் கிடைத்த சன்மானம் என்ன? சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வரக்கூடாது என்று 1882ல் ஒரு சட்டம். குடியுரிமைக்குத் தகுதியற்ற அந்நியர் விவசாய நிலம் வாங்கக்கூடாது என்று 1913ல் இன்னொரு சட்டம். வால்நட் குரோவ் என்ற ஊரில் சீனர் குடியிருப்பு 1915ல் எரிந்தபோது, அவர்களில் ஒரு பகுதியினர் பக்கத்தில் லாக் என்ற ஊரைக் கட்டினார்கள். வீடு அவர்களுடையது, அடிமனை ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துடையது. சட்டம் செத்த பிறகும் நிலைமை மாறவில்லை. வீட்டுக்காரர் மனையை விலைக்கு வாங்க வழி பிறந்தது 2004ல்தான். இன்று உல்லாசப் பிரயாணிகள் அந்த ஊரின் சாய்ந்த மரவீடுகளைப் படம் பிடிக்கிறார்கள். அழகாக இருக்கிறதாம்!

இதே டெல்டாவில் பஞ்சாபி விவசாயிகளும் பாடுபட்டார்கள். ஸ்டாக்டன் நகரில் 1912ல் குருத்வாரா தொடங்கியது. அதை நிறுவியவர்களில் ஒருவரான ஜ்வாலா சிங் அங்கே உருளைக்கிழங்கு பயிரிட்டவர். 1913ல் கெதர் கட்சி பிறந்தது. 1914 ஆகஸ்டில் ‘கொரியா’ என்ற கப்பலில் அவரும் தோழர்களும் தாயகத்தை விடுவிக்கப் புறப்பட்டு, பிரிட்டிஷ் சிறையில் ஆண்டுக்கணக்கில் வாடினார்கள். உல்லாசப் படகுகள் உள்ளே வரும் அதே கோல்டன் கேட் வழியாகத்தான் அவர்கள் வெளியே போனார்கள்.

ஒரு சோஷலிஸ்டின் படகு

இந்த நீரில் குடும்பத்தோடு பாய் விரித்தவர்களில் பெயர் பெற்றவர் எழுத்தாளர் ஜாக் லண்டன். ஏழை வீட்டில் பிறந்து, ஓக்லண்டில் தகர டப்பாத் தொழிற்சாலையில் சிறுவனாக உழைத்தார். அந்த நரகத்திலிருந்து தப்ப, தன்னை வளர்த்த கறுப்பினச் செவிலித்தாயிடம் கடன் வாங்கிப் படகு வாங்கி, முதலாளிகளின் சிப்பிப் பண்ணையில் இரவுத் திருட்டில் இறங்கினார். பின்னர் சோஷலிஸ்ட் ஆனார், ஓக்லண்ட் மேயர் பதவிக்கு 1901லும் 1905லும் போட்டியிட்டார். 1910ல் ‘ரோமர்’ என்ற 30 அடிப் படகு வாங்கி, மனைவி சார்மியனுடன் விரிகுடாவிலும் டெல்டாவிலும் வாரக்கணக்கில் சுற்றினார்.

தொழிற்சாலைச் சிறுவனுக்குக் காற்றும் நீரும் விடுதலையாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. டெல்டாவின் கரையைக் கட்டிய சீனனைத் தன் சகோதரத் தொழிலாளியாக அவர் பார்க்கவில்லை. 1905ல் வெளிவந்த அவருடைய மீன்பிடிக் காவல் கதைகளில் சீன இறால் மீனவர்கள் கள்ளர்களாகவே வருகிறார்கள். சுரண்டலைக் கண்ட கண், நிறத்தின் முன்னே குருடாகிவிட்டது. வர்க்கத்தைப் பேசிக்கொண்டே சாதியை மறந்துவிடும் நம்மவர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

லீவு எங்கே?

இனி இரண்டாவது கேள்வி. இன்று யார் போக முடிகிறது? படகுக்குப் பணம் வேண்டும், அதற்கு முன் ஓய்வு வேண்டும். பிரான்சில் 1936ல் தொழிலாளர் வேலைநிறுத்த அலைக்குப் பிறகு, சம்பளத்தோடு 2 வார விடுமுறை சட்டமாயிற்று. முதன்முறையாகக் கடலைக் கண்ட தொழிலாளர் குடும்பங்கள் அநேகம். நமது நாட்டில் 1948ல் வந்த தொழிற்சாலைச் சட்டமும், 240 நாள் உழைத்தவருக்கு 20 நாளுக்கு 1 நாள் வீதம் சம்பள லீவு என்று எழுதி வைத்தது. உலகின் பெரும் பணக்கார நாடான ஐக்கிய அமெரிக்காவின் மத்தியச் சட்டத்தில் எத்தனை நாள்? ஒரு நாள்கூட இல்லை! முதலாளி மனமிரங்கிக் கொடுத்தால் உண்டு.

டெல்டாவின் வயலில் குனிந்து நிற்பவன் கதை இன்னும் மோசம். ஓவர்டைம் கூலி தந்த 1938ன் சட்டம் விவசாயத் தொழிலாளியை வெளியே தள்ளிவிட்டது. கலிபோர்னியாவில் அவனுக்கு 8 மணி நேரக் கணக்கு முழுமையாக வந்தது பெரிய பண்ணைகளில் 2022லும், சிறியவற்றில் 2025லும்தான். அவன் தலைக்கு மேலே, கரைக்கு அப்பால், வெள்ளைப் பாய்கள் நகர்ந்து போகின்றன.

நம் கம்ப்யூட்டர் பிள்ளைகள் மட்டும் பத்திரமாக இருக்கிறார்களா? ஒப்பந்த விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் சாதாரணமாக 60 நாள் தவணை. அதற்குள் வேறு முதலாளி கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். கழுத்தில் கத்தி தொங்கும்போது நிம்மதியாகப் பாய் விரிக்க யாரால் முடியும்?

சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிரே ரிச்சர்ட்சன் விரிகுடா இருக்கிறது. அங்கே ஒருபுறம் லட்சக்கணக்கான டாலர் பெறும் உல்லாசப் படகுகள். மறுபுறம் வாடகை கொடுக்க வழியில்லாமல் பழைய படகில் நங்கூரமிட்டுக் குடியிருந்து வந்த ஏழைகள். கடலடிப் புல் அழிகிறது என்று காரணம் காட்டி, அவர்களை அதிகாரிகள் அப்புறப்படுத்தி வந்திருக்கிறார்கள். புல்லைக் காப்பது அவசியமே. மனிதனுக்குக் குறைந்த வாடகையில் வீடு கொடுப்பது அவசியமில்லையா?

ஆகவே நாம் சொல்கிறோம்: படகுப் பிரயாணம் வேண்டும், எல்லோருக்கும் வேண்டும். சம்பளத்தோடு விடுமுறை சட்டப்படி உரிமையாக வேண்டும். கடற்கரையும் ஆற்றங்கரையும் பொதுஜனங்களின் சொத்தாக இருக்க வேண்டும். வாங்க முடியாதவருக்கும் படகு கிடைக்கப் பொதுச் சங்கங்கள் வேண்டும். இது கனவல்ல. பெர்க்லியிலேயே உறுப்பினர்கள் தாங்களே படகுகளைப் பழுது பார்த்து, ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்து நடத்தும் சங்கம் இருக்கிறது.

அந்தப் பக்கம் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. வாய்ப்பிருந்தால் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். மேல்காற்றைக் காட்டுங்கள், கோரையைக் காட்டுங்கள். அப்படியே கரையையும் காட்டுங்கள். அதை வெட்டிப் போட்ட கை எது என்று சொல்லிக் கொடுங்கள். தண்ணீருக்குக் கீழே கிடக்கும் வயலில் இந்த நிமிஷம் குனிந்து நிற்பவன் யார் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். அவனுடைய பிள்ளையும் ஒரு நாள் பாய்க்கயிறு பிடிக்க வேண்டும். அந்த நாளுக்காகத்தான் நாம் போராடுகிறோம்.