கோடுதான் கற்பனை, புலம் கற்பனை அல்ல

போன ஞாயிற்றுக்கிழமை, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேரன் ஒரு கைடைத் தூக்கிக்கொண்டு வந்தான். "தாத்தா, நீங்க கரண்டு வேலைதானே பார்த்தீங்க, இதைக் கொஞ்சம் சரி பாருங்க" என்றான். "சரியா, தவறா" பகுதியில் ஒரு வரி: "காந்தப்புலம் என்பது கற்பனையானது." கைடு கொடுத்திருந்த விடை: சரி.

"தவறுன்னு எழுதுடா" என்றேன்.

"அப்படி எழுதினா மார்க் போயிடும் தாத்தா."

எனக்கு வந்த கோபத்தில் கைடைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டேன். ஒரு மார்க்குக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று வீட்டில் கேட்டார்கள். காரணம் இருக்கிறது. இதுவரை அதிகம் பேரிடம் சொன்னதில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரே டவரில் இரண்டு பக்கமும் 110 கே.வி. லைன்கள். ஒரு பக்கத்துக்கு எல்.சி. வாங்கியாகிவிட்டது. மறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் லைன் இன்ஸ்பெக்டர் எட்டாவது வரை படித்தவர். வேலை நடக்கும் இடத்தில் எர்த் ராடு மாட்டாமல் யாரையும் கம்பியைத் தொட விடமாட்டார். அன்றைக்கு அவர் லீவு. ராடு வந்துகொண்டிருந்த வண்டி வழியில் நின்றுவிட்டது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு முனையிலும் சுவிட்ச் திறந்துதானே இருக்கிறது, கரண்டு எங்கிருந்து வரும்? "லைன் டெட்தான், ஏறலாம்" என்று சொன்னவன் நான்.

கம்பியில் கை பட்டதும் ஹெல்பர் தூக்கி எறியப்பட்டார். இடுப்பில் பெல்ட் இருந்ததால் உயிர் பிழைத்தார். வலது கையில் இரண்டு விரல்கள் போயின. ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்து அவர் கேட்டது ஒன்றுதான்: "சார், லைன் ஆஃப்னுதானே சொன்னீங்க?"

லைன் ஆஃப்தான். ஆனால் பக்கத்து லைனைச் சுற்றியிருந்த மின்புலம் ஆஃப் ஆகவில்லை. பூமியோடு சேர்க்காமல் விட்ட கம்பியில் அந்தப் புலமே ஆயிரக்கணக்கான வோல்ட்டை ஏற்றிவிடும். எங்கும் தொடத் தேவையில்லை. இது எனக்குத் தெரியாதா? மேக்ஸ்வெல் சமன்பாடுகளை வரிசையாக எழுதி மார்க் வாங்கியவன் நான். ஆனால் புலம் என்பது பேப்பரில் இருக்கிற சமாசாரம், கணக்குப் போட வசதிக்காக வைத்துக்கொண்டது என்றுதான் மனதில் பதிந்திருந்தது. இந்தக் கைடு என் பேரனுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அதையேதான்.

இந்தக் குளறுபடி எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்குத் தெரியும். காந்த விசைக் கோடுகள் கற்பனையானவை என்று பாடத்தில் சொல்வார்கள். அது சரி. கோடு நாம் வரைவது. வரைபடத்தில் இருக்கிற அட்சரேகையும் கற்பனைதான். அதற்காகப் பூமியும் கற்பனை ஆகிவிடுமா? கோட்டைப் பற்றிச் சொன்னதைத் தூக்கிப் புலத்தின் தலையில் கட்டியதுதான் தப்பு.

நன்றாகப் படித்த நண்பர் ஒருவர் வேறு விதமாக மடக்கினார். "ஒரு மின்னூட்டம் இன்னொரு மின்னூட்டத்தை இழுக்கிறது, தள்ளுகிறது. அவ்வளவுதான். நடுவில் புலம் என்று ஒன்று எதற்கு?" என்றார். நல்ல கேள்விதான். ஃபாரடே காலத்துக் கணித மேதைகளும் இப்படித்தான் நினைத்தார்கள். புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகிய, கணிதம் அதிகம் படிக்காத ஃபாரடே, நடுவில் இருக்கும் வெளியில்தான் விஷயமே நடக்கிறது என்றார். 1831-ல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தவர் அவர். அவர் சொன்னதை மேக்ஸ்வெல் கணக்காக்கினார். அந்தக் கணக்கிலிருந்து அலையின் வேகம் ஒன்று வந்தது. அது ஒளியின் வேகம். 1887-88-ல் ஹெர்ட்ஸ் தன் ஆய்வுக்கூடத்தில் அந்த அலைகளை உண்டாக்கிக் காட்டினார். ஃபாரடேயும் மேக்ஸ்வெல்லும் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

நண்பருக்கு என் பதில் இது. நிலாவுக்கு ரேடியோ சிக்னல் அனுப்புகிறீர்கள். போய்ச் சேர ஒன்றேகால் விநாடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். ஒரு விநாடி கழித்து ஆன்டெனாவை அணைத்துவிடுங்கள். கடைசியாகப் போன ஆற்றல் இங்கேயும் இல்லை, அங்கேயும் இன்னும் சேரவில்லை. அப்படியானால் எங்கே இருக்கிறது? நடுவில், புலத்தில். ஆற்றலைச் சுமப்பது மட்டுமல்ல, ஒளி பட்டால் பொருளைத் தள்ளவும் செய்கிறது. ஆற்றலைச் சுமந்து, தள்ளவும் செய்கிற ஒன்றைக் கற்பனை என்று சொன்னால், பிறகு எதைத்தான் நிஜம் என்பது?

புலமே வேண்டாம் என்று ஒரு கை பார்த்தவர்களும் உண்டு. ஃபெய்ன்மனும் அவருடைய ஆசிரியர் வீலரும் 1945-ல் அப்படி ஒரு கட்டுரையே எழுதினார்கள். அந்த வழி நிலைக்கவில்லை. இன்றைய இயற்பியலில் ஒளித்துகளும் எலக்ட்ரானும்கூடப் புலத்தின் அதிர்வுகள்தான். உலகத்து எலக்ட்ரான்கள் எல்லாம் அச்சு அசலாக ஒன்றுபோல இருப்பதற்குக் காரணம், எல்லாம் ஒரே புலத்திலிருந்து வருவதுதான்.

இவ்வளவு தூரம் போக வேண்டாம். வீட்டு ஃபேனையே பாருங்கள். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் ஒரு ஆம்பியர் நேர்மின்னோட்டம் ஓடினால், எலக்ட்ரான்கள் மணிக்குக் கால் மீட்டர்தான் நகரும். நம் வீட்டுக்கு வருகிற மாறுமின்னோட்டத்தில் அதுகூடக் கிடையாது, இருந்த இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். ஆனால் சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றுகிறது. ஆற்றலைக் கொண்டுவருவது கம்பியைச் சுற்றியிருக்கும் புலம். 1884-லேயே பாயின்டிங் இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். நாம் இன்னும் "குழாயில் தண்ணீர் ஓடுகிற மாதிரி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்த உவமையை நம்பித்தான் நானும், இரண்டு பக்கமும் வால்வை மூடிவிட்டோம், குழாய் காலி என்று நினைத்தேன்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. புலம் கற்பனை என்று மார்க்குக்காக எழுதியவரே, பெரியவரானதும் ரத்த ஓட்டத்தைச் சீராக்கும் என்று காந்த வளையல் வாங்கி மாட்டிக்கொள்கிறார். எம்.ஆர்.ஐ. மெஷின்களில் 1.5 டெஸ்லா என்பது சாதாரணம். நம் ஊரில் பூமியின் காந்தப்புலத்தைப் போல முப்பதாயிரம் மடங்குக்கும் மேல். அதற்குள் அரை மணி நேரம் படுத்துவிட்டு எழுந்து வருகிறோம், யாருடைய ரத்தமும் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடவில்லை. வளையல் என்ன செய்துவிடும்? நிஜமான புலம் அளக்கக்கூடியது. இது தெரியாதவரிடம் எதையும் "புலம்" என்று சொல்லி விற்றுவிடலாம்.

ஆசிரியர்களைக் குறை சொல்வது சுலபம். அவர்களுக்குப் போர்ஷனை முடிக்கவே நேரம் இல்லை. ஆனால் ஐந்து நிமிடம் போதும். ஏ.சி. மெக்கானிக்கிடம் மிச்சம் கிடக்கும் செம்புக் குழாய் ஒன்றும், அதற்குள் நுழையும் அளவுக்குச் சின்ன நியோடிமியம் காந்தம் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். செம்பில் காந்தம் ஒட்டாது என்று முதலில் காட்டுங்கள். பிறகு குழாயை நிமிர்த்திப் பிடித்துக் காந்தத்தை உள்ளே போடுங்கள்.

அன்று மாலை பேரனுக்கு அதைத்தான் செய்து காட்டினேன். காந்தம் அன்னநடை போட்டு இறங்கியது. குழாய்க்குள் எட்டிப் பார்த்தான், தலைகீழாகத் திருப்பிப் போட்டான், பத்துத் தடவையாவது செய்திருப்பான். "எதிலயும் ஒட்டலியே தாத்தா, அப்புறம் யாரு பிடிச்சு நிறுத்துறா?" என்றான். இந்தக் கேள்விக்கு எந்தக் கைடிலும் மார்க் கிடையாது.

பரீட்சையில் என்ன எழுதுவான் என்று தெரியாது. "தவறு"ன்னு எழுது, மார்க் போனால் போகட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அன்றைய விபத்துக்கு நான் எழுதிக் கொடுத்த அறிக்கையில் "எதிர்பாராத விபத்து" என்று இருந்தது. எட்டாவது படித்த ஒருவர் தினமும் எதிர்பார்த்துக்கொண்டிருந்த ஒன்றை, பட்டம் வாங்கிய நான் எதிர்பாராதது என்று எழுதினேன். அந்த வரிக்கும் யாரும் மார்க் குறைக்கவில்லை.