அடிபட்டவளுக்கா அறிவுரை?

கணவனிடம் அடிபட்ட ஒரு பெண், காயமும் கண்ணீருமாக வந்து நிற்கிறாள். "அவன் கைநீட்டும் அளவுக்கு நீ என்னம்மா செய்தாய்?" இதுவே அவள் செவியில் விழும் முதற் கேள்வி! கேட்பவர் கொடியவரல்லர், தொண்டுள்ளம் படைத்தவரே, குடும்பம் சிதையலாகாது எனும் நல்லெண்ணம் கொண்டவரே. எனினும், அந்த ஒரு கேள்வியால் வழக்கு தலைகீழாகிவிடுகிறது. அடித்தவன் ஒதுங்கி நிற்க, அடிபட்டவள் குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறாள்.

பொறுத்துப் போகப் பிறந்தவள் பெண் என்று தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்ட பாடத்தின் விளைவு இது. பட்டம் பெற்றதும் தானே உதிர்ந்துவிடும் பாடமா அது?

1936இல் பம்பாயில் டாட்டா அறக்கட்டளையினர் சமூகப் பணிக்கெனக் கல்விக்கூடம் கண்டனர். 1952இல் சென்னையிலும் ஒன்று எழுந்தது. தொண்டுக்கு இரக்கம் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்பதை நாடு உணர்ந்தது. நன்று! ஆனால், விசாரிக்கும் முறையும் பதிவேடு எழுதும் முறையும் கற்றால் போதுமா? தன் உள்ளத்தில் ஊறிக் கிடக்கும் ஆண், பெண் பேதத்தைக் கண்டு களையவும் கற்க வேண்டாமா?

சட்டம் அந்தப் பார்வையைப் பெற்றுவிட்டது. 2005இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் உள்ளது. வீடு எவர் பெயரில் இருப்பினும், அங்கே வாழும் உரிமை அவளுக்குண்டு என்கிறது அதன் 17ஆம் பிரிவு. நீதிமன்றம் பணிக்கும் ஆலோசனையில், வன்முறைக்கு நியாயம் கற்பிக்க எதிர்த்தரப்பை அனுமதிக்கலாகாது. இதனைத் தொடக்கத்திலேயே அவனுக்கு அறிவித்திட வேண்டும். அவள் விரும்பினால்தான் சமரச முயற்சி என்கிறது 14ஆம் விதி. "நீ என்ன செய்தாய்?" எனும் கேள்விக்கு அங்கே இடமேது?

"இப்படிப் பேசினால் குடும்பம் உடையாதா?" என்பர் சிலர். குடும்பத்தை உடைத்தது ஓங்கிய கை! அதைச் சுட்டிய விரல்மீது பழிபோடுவது நீதியாகுமா?

1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது. பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு தரும் சட்டம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேற 1989 வரை காத்திருக்க நேர்ந்தது. அறுபது ஆண்டுகள்! ஏட்டில் ஏறிய உரிமை வீட்டுக்குள் நுழைய இன்னும் எத்தனை ஆண்டுகள்?

விடை நம் கையிலும் உண்டு, தோழர்களே! சிற்றூர்ப் பெண் பலநேரம் முதலில் நாடுவது அலுவலரை அன்று. கிளைக் கழகச் செயலாளரை, வட்டத்துத் தோழரை, உங்களை! பட்டமில்லாச் சமூகப் பணியாளர் நீங்கள். மேடையில் பெண்ணுரிமை முழங்கிவிட்டு, படிப்பகத் திண்ணையில் "அனுசரித்துப் போம்மா" என்று அனுப்பிவைத்தால், நம் கொள்கை அந்தத் திண்ணையிலேயே தோற்றுவிடும்.

"இன்றிரவு எங்கே அச்சமின்றித் தங்குவாய், அம்மா? உன் விருப்பம் என்ன?" என்று முதலில் கேளுங்கள். 181 எனும் உதவி எண்ணைச் சொல்லுங்கள். மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் துணையாகச் செல்லுங்கள். தீர்ப்பை அவளே சொல்லட்டும். துணை நிற்பது நம் கடன்!